கழட்டின மாதிரியே மாட்டணுமாம்ல!

மக்களே, ரிப்பேர் உலகத்துல ரொம்பப் பிரபலமான ஒரு வரி இருக்கு. ஒரு பொருளைக் கழட்டுறது எப்படின்னு பத்து படம், இருபது குறிப்பு போட்டு விலாவாரியா சொல்லுவாங்க. எந்த ஸ்க்ரூவை முதல்ல எடுக்கணும், எதை எந்தப் பக்கம் தள்ளணும், எல்லாம் இருக்கும். ஆனா திரும்ப மாட்டுறதுன்னு வரும்போது மட்டும் ஒரே வரி. கழட்டின வரிசையைத் தலைகீழாச் செய்தால் போதும்னு சொல்லிட்டு நடையைக் கட்டிடுவாங்க. சோலி முடிஞ்சது. நான் பொட்டி தட்டுற இங்கிலாந்துல, ஹேய்ன்ஸ் கார் கையேட்டை வாங்கி வீட்டு வாசல்ல வண்டியைப் பிரிச்சுப் போட்டவங்க மத்தியில இது ஒரு நிரந்தர ஜோக்.

என் கட்சி என்னன்னா, ஸ்பிரிங் இருக்கிற எந்தப் பொருளுக்கும் இந்த வரி பொருந்தாது. அது பொய். சும்மா பொய்யா இருந்தா விட்டுடலாம், இது கேடு பண்ற பொய். ஏன்னா அதை நம்பி உட்கார்ந்தவன், மாட்ட முடியலைன்னா அந்த வரியைச் சந்தேகப்பட மாட்டான். தன்னோட கையைத்தான் சந்தேகப்படுவான். 'நமக்கு இந்த வேலையெல்லாம் வராதுப்பா'ன்னு முடிவு பண்ணிட்டு பசை டப்பாவைத் தேடுவான்.

இதைச் சொல்ல நான் எடுத்துக்கிட்ட உதாரணம் கொஞ்சம் விசித்திரமானது. ஸ்டார் வார்ஸ்ல வெள்ளைக் கவசம் போட்டுட்டு வர்ற ஸ்டார்ம்ட்ரூப்பர்ங்க கையில ஒரு கறுப்புத் துப்பாக்கி இருக்குமே, அதோட பிரதி. அதுலயும் குறிப்பா, மடங்கி விரியற பின்கட்டை. (தோள்ல முட்டுக்கொடுக்கிற பாகம்.) "ஆபீஸ்ல புடுங்குற ஆணி பத்தலையா?"ன்னு கேக்கறவங்க இப்பவே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். மத்தவங்க வாங்க.

துப்பாக்கியோட ஜாதகம்

1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தோட ஸ்டுடியோ காட்சிகளை 1976ல லண்டனுக்கு வடக்கே இருக்கிற எல்ஸ்ட்ரீயில எடுத்தாங்க. செட் அலங்காரம் பார்த்த ராஜர் கிறிஸ்டியன் விண்வெளித் துப்பாக்கியைப் புதுசா வடிவமைக்கப் போகலை. சினிமாவுக்கு ஆயுதம் வாடகைக்கு விடற பாப்டி கம்பெனியில போய், நிஜத் துப்பாக்கிகளை எடுத்து, மேல கண்டதையும் ஒட்டி ஆளையே மாத்திட்டார். அந்தப் படத்துக்கு கலை இயக்கத்துக்காகக் கிடைச்ச ஆஸ்கர்ல அவருக்கும் பங்கு உண்டு.

ஸ்டார்ம்ட்ரூப்பர் கையில குடுத்தது ஸ்டெர்லிங் சப்-மெஷின் கன். கிழக்கு லண்டன் டாகன்ஹாம்ல தயாரானது. ஜார்ஜ் பாட்செட்ங்கிறவர் வடிவமைச்சது, 1953ல பிரிட்டிஷ் ராணுவத்துக்குள்ள வந்தது. இடப்பக்கம் நீட்டிட்டு நிக்கிற, 34 குண்டு பிடிக்கிற வளைஞ்ச மேகசின் அதோட அடையாளம். சினிமாக்காரங்க அந்த மேகசினைக் குட்டையாக்கி, மேல இரண்டாம் உலகப்போர் காலத்து டாங்க் தொலைநோக்கி ஒண்ணை வச்சு, பக்கத்துல ஹெங்ஸ்ட்லர்ங்கிற ஜெர்மன் கம்பெனியோட எண்ணிக்கை மீட்டரை ஒட்டி, குழல்ல இருக்கிற ஓட்டை வரிசையில கறுப்புப் பட்டைகளைச் சொருகினாங்க. ஈ-11 பிளாஸ்டர் ரெடி. இதே ஸ்டெர்லிங் குடும்பத்து கார்பைனை நம்மூர் கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியிலயும் செஞ்சாங்க. ஆக, எங்கேயோ இருக்கிற கேலக்ஸி துப்பாக்கிக்கு டாகன்ஹாம் தாய்வீடு, கான்பூர் பங்காளி வீடு :-)

இந்த ஸ்டெர்லிங்கோட அழகே அந்தப் பின்கட்டைதான். விரிச்சா மொத்த நீளம் சுமார் 69 செ.மீ. மடிச்சா குழலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும், நீளம் 48 செ.மீ. ஆயிடும். வண்டிக்குள்ள நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கிற சிப்பாய்க்கு அந்த ஒரு ஜாண் பெரிய விஷயம்.

பசைக் கட்சி

ஸ்டார்ம்ட்ரூப்பர் உடுப்பு போடறவங்க நடுவுல இந்தப் பின்கட்டையைப் பத்தி ரெண்டு கட்சி. படத்துல அவங்க அதை மடிச்சேதானே வச்சிருக்காங்க, அப்புறம் எதுக்கு அது வேலை செய்யணும், மடிச்ச நிலையிலயே ஒட்டிடு, அல்லது ஒரு ஸ்க்ரூவை ஏத்திடு. இது பசைக் கட்சி. ஸ்பிரிங்கோட வந்தது ஸ்பிரிங்கோடதான் இருக்கணும்ங்கிறது இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது.

ஒரு விஷயத்தை மட்டும் பசைக் கட்சிக்கு விட்டுத்தர்றேன். மொத்தமும் ஒரே வார்ப்பா ரெஸின்ல வந்த பிரதின்னா, அதுல மடங்குறதுக்கு ஒண்ணுமில்ல. அதை விட்டுடுங்க. நான் பேசுறது உடம்பு பிளாஸ்டிக், பின்கட்டை மட்டும் உலோகம், உள்ளே நிஜ ஸ்பிரிங் என்று வர்ற பிரதிகளைப் பத்தி.

அதுல பசை ஏன் தப்புன்னு சொல்றேன். இவங்கள்ல பலர் உடுப்பு போட்டுக்கிட்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் நன்கொடை நிகழ்ச்சிகளுக்கும் போறவங்க. குழந்தைங்க முதல்ல தொடறது துப்பாக்கியைத்தான். உள்ளே அழுத்தி வச்ச ஸ்பிரிங் அப்படியே இருக்க, வெளியே பசை மட்டும் அதைப் பிடிச்சிருக்குன்னு வைங்க. சூப்பர் க்ளூ வகைப் பசை இழுவிசையை ஓரளவு தாங்கும், ஆனா அதிர்ச்சியைத் தாங்காது. ஒரு தடவை கீழ விழுந்தா பொரி மாதிரி விட்டுடும். அப்போ தோள்தகடு யாரையும் கேக்காம விரியும், எதிர்ல இருக்கிற பிஞ்சு முகத்துல. ஒழுங்கா மாட்டின பூட்டு அதைப் பண்ணாது. 'வேலை செய்ய வேண்டாம்'னு முடிவு பண்ணினா ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துடணும். உள்ளே வச்சு ஒட்டுறது ரெண்டுங்கெட்டான்.

ஆனா பசைக் கட்சிக்காரங்களை நான் திட்டமாட்டேன். அவங்கள்ல பாதிப்பேர் கொள்கைக்காகக் கட்சி மாறினவங்க இல்லை. ஒரு தடவை கழட்டிட்டு, மாட்ட முடியாம, வெறுத்துப்போய் மாறினவங்க. எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர், உடுப்புக் குழுவுல ரொம்ப வருஷமா இருக்கிறவர், பாகங்களை எல்லாம் ஒரு ஐஸ்க்ரீம் டப்பாவுல போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, எனக்கு உதுக்குக் கை வராது. நீர் பசையைப் போட்டு ஒட்டித் தாரும்." தன் கவசத்தோட ஒவ்வொரு துண்டையும் தானே வெட்டி, சூடுகாட்டி வளைச்சு, பட்டை வச்சுக் கோத்த மனுஷன் அவர். அவருக்கா கை வராது? கிட் கூட வந்த தாளைப் பார்த்தேன். கழட்டுறதுக்கு ஏழு படம். மாட்டுறதுக்கு அதே ஒரு வரி. அடப்பாவிகளா!

தலைகீழ் ஏன் வேலைக்கு ஆகாது

அந்தப் பின்கட்டையோட மூட்டுல என்ன இருக்குன்னு சொல்றேன். ரெண்டு காது மாதிரி நீட்டிட்டிருக்கிற சட்டகம். காதுகளுக்கு நடுவுல ஒரு சின்ன உலோகக் கட்டி, அதுலதான் தோள்தகடு இருக்கு. எல்லாத்தையும் கோத்துக்கிட்டுப் போற ஒரு பின். பின்னைச் சுத்தி ஒரு முறுக்கு ஸ்பிரிங், துணி காயப்போடற கிளிப்புல இருக்குமே அந்த ஜாதி. அதுதான் தகட்டை விரிய வைக்குது. கட்டிக்குள்ள ஒரு அழுத்து ஸ்பிரிங், இது டிக்-டிக் பேனா ஜாதி. அது ஒரு முளையை வெளியே தள்ளிட்டே இருக்கும். முளை காதுல இருக்கிற பள்ளத்துல போய் விழுந்தா பூட்டு.

கழட்டுறது எப்படி? ஓரத்துல இருக்கிற சர்க்ளிப்பை எடுத்துட்டுப் பின்னைத் தள்ளு. அவ்வளவுதான். மீதி வேலையை ஸ்பிரிங்கே பாத்துக்கும். முறுக்கு அவுந்து, முளை துள்ளி, ஆளுக்கொரு மூலைக்குப் போயிடும். ஒரே ஒரு செயல்.

மாட்டுறதுக்கு? முளையை உள்ளே அழுத்திப் பிடிக்கணும். முறுக்கு ஸ்பிரிங்கோட காலை முறுக்கி அதோட இடத்துல பிடிக்கணும். கட்டியோட ஓட்டையும் காதுகளோட ஓட்டையும் நேர்கோட்டுல நிக்கணும். அதே நேரத்துல பின்னை உள்ளே விடணும். நாலு வேலை, ஆண்டவன் குடுத்தது ரெண்டு கை.

கழட்டும்போது ஸ்பிரிங் தன் சக்தியை வெளியே விட்டுடுது. மாட்டும்போது அதை நாமதான் திருப்பிக் குடுக்கணும், குடுத்ததோட இல்லாம பிடிச்சுக்கிட்டும் இருக்கணும். இது போக, தகவலும் போயிடுது. எந்தக் கால் எந்தப் பக்கம் இருந்துச்சு, எவ்வளவு முறுக்கியிருந்துச்சுன்னு அவுந்து கிடக்கிற ஸ்பிரிங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம்ம பாஷையில சொன்னா, டேபிளை டிராப் பண்றதுக்கு ஒரு வரி போதும். அதைத் தலைகீழாக்கி கிரியேட் டேபிள்னு அடிச்சா டேபிள் வரும், டேட்டா வருமா? எந்த டேமேஜர்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க.

நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இது எப்பவோ தெரியும். பைக் சென்டர் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கை எடுத்துக்குங்க. விறைப்பான இழு ஸ்பிரிங், கையால இழுத்துக் கொக்கியில மாட்ட முடியாது. அனுபவஸ்தர் என்ன பண்ணுவார்னா, ஸ்பிரிங்கைப் பக்கவாட்டுல வளைச்சு, சுருள் இடுக்குல வாஷரா சொருகுவார். இந்தப் பக்கம் வளைச்சு நாலு, அந்தப் பக்கம் வளைச்சு நாலு. ஸ்பிரிங் தானா நீண்டுடும். சாவகாசமாக் கொக்கியில மாட்டிட்டு, ஸ்டாண்டை அசைச்சா வாஷர் எல்லாம் உதிர்ந்துடும். டிரம் பிரேக் ஷூவும் அப்படித்தான். ரெண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோட தரையிலயே கோத்து, புஸ்தகத்தைப் பாதி திறந்த மாதிரி மடிச்சு வச்சு, அப்படியே தகட்டு மேல அமுக்குவாங்க. கழட்டும்போது வாஷர் கிடையாது, பாதி திறந்த புஸ்தகமும் வேண்டியதில்ல. மாட்டுறதுக்குன்னு தனி வித்தை இருக்கு. அது தலைகீழ் இல்ல, வேற வழி.

மூணாவது கை

இப்ப நம்ம பின்கட்டைக்கு வருவோம். நாலு வேலையை ரெண்டு கையால செய்ய முடியாதுன்னா, ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு பொருள்கிட்ட ஒப்படைக்கணும்.

முதல் ஆள், டம்மி பின். நிஜப் பின்னைவிட ஒரு மயிரிழை மெலிசா, கட்டியோட அகலத்துக்குச் சரியா வெட்டின கம்பித் துண்டு. உடைஞ்ச டிரில் பிட்டோட தண்டு இல்லன்னா பித்தளைக் கம்பி போதும், ரெண்டு முனையையும் அரம் போட்டு மழுக்கிடுங்க. கட்டியையும் முறுக்கு ஸ்பிரிங்கையும் மேசை மேல வச்சு டம்மி பின்னால கோத்துடுங்க. இப்ப அது ஒரே பொருள். பிறகு காதுகளுக்கு நடுவுல நுழைச்சு, நிஜப் பின்னை ஒரு பக்கத்துல இருந்து தள்ளிட்டே போனா, அது டம்மியை மறுபக்கம் வெளியே தள்ளிட்டே போகும். நடுவுல ஒரு நொடி கூட ஓட்டை காலியா இருக்காது. முதல் வருஷம் சி புரோகிராம்ல ரெண்டு வேரியபிளை மாத்தி வைக்க டெம்ப்னு மூணாவது ஒண்ணு வச்சோமே, அதேதான்.

ரெண்டாவது ஆள், நூல். முறுக்கு ஸ்பிரிங்கோட காலைத் தேவையான அளவு முறுக்கி, கெட்டி நூலால கட்டியோடவே சேர்த்துக் கட்டிடுங்க. எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்ததும் நூலை வெட்டி உருவிடலாம். ஒரு விதி: முறுக்கு ஸ்பிரிங்கை எப்பவும் சுருள் இறுகற திசையில்தான் வேலை வாங்கணும். சுருள் விரியற திசையில மாட்டினா கொஞ்ச நாள்ல தளர்ந்துடும். தகடு முழுசா விரிஞ்சு நிக்கும்போதும் கால்ல கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கணும். இல்லைன்னா தகடு தலையாட்டி பொம்மை.

மூணாவது ஆள், பட்டை. காலாவதியான ஏ.டி.எம். கார்டுல ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுங்க. முளையை உள்ளே அமுக்கி, மேல பட்டையை வச்சு, பட்டையோடவே கட்டியைக் காதுகளுக்குள்ள நுழைங்க. ஷூ மாட்டும்போது குதிகால்ல கரண்டி வைக்கிற மாதிரி. உட்கார்ந்ததும் பட்டையை உருவினா முளை டக்குனு பள்ளத்துல விழும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை கழட்டலாம் :-)

மீதி எல்லாம் வழக்கமான ஜாக்கிரதைதான். கண்ணுக்குக் கண்ணாடி. முழு வேலையையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டுச் செஞ்சா, துள்ளுற முளை பைக்குள்ளயே விழும். பின்னைச் சுத்தியால தட்டுறதா இருந்தா அடியில மரக்கட்டை முட்டுக்குடுங்க, இல்லைன்னா அதிர்ச்சி பிளாஸ்டிக் உடம்புக்குப் போய் விரிசல் விடும். கிரீஸ்ல பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கிற சிலிக்கான் வகை நல்லது. சர்க்ளிப்பைக் கடைசியில போடுங்க, அதுக்கு முன்னாடி இருபது தடவையாவது மெதுவா மடிச்சு விரிச்சுப் பாருங்க. இடுக்குல விரலை வைக்காம ஒரு பென்சிலை வச்சுப் பாருங்க. பென்சில்ல பல் பதிஞ்சா, குழந்தை விரல்லயும் பதியும்.

யாழ்ப்பாணத்து அண்ணா கிட்ட நான் குடுத்தது டம்மி பின்னும் நூலும் பட்டையும்தான். கோத்தது முழுக்க அவர்தான். கை வராதாம்ல!

முட்டாள்னு யாரைச் சொல்றீங்க?

ஜப்பான்ல ஷிகியோ ஷிங்கோன்னு ஒரு தொழிற்சாலை நிபுணர் இருந்தார். 1961ல யமடா எலக்ட்ரிக்னு ஒரு கம்பெனிக்குப் போனார். அங்க ஒரு சின்ன ஸ்விட்ச் செய்யறாங்க, ரெண்டு பட்டன், ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு ஸ்பிரிங். தொழிலாளிங்க அப்பப்ப ஸ்பிரிங் போட மறந்துடுவாங்க. மேனேஜ்மென்ட் வழக்கம்போல 'கவனமா இருங்க'ன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்துது, தப்பு நிக்கலை. ஷிங்கோ சொன்ன தீர்வு ஒரு சின்னத் தட்டு. ஒவ்வொரு ஸ்விட்சையும் தொடங்கும் முன்னாடி ரெண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டுல வை. அதுல இருந்து எடுத்து மாட்டு. முடிச்சப்புறம் தட்டுல ஸ்பிரிங் மிச்சம் இருந்தா, மறந்துட்டேன்னு தட்டே சொல்லிடும்.

இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு முதல்ல வச்ச பேர் 'பாகா-யோகே', முட்டாள்தனத்தைத் தடுப்பதுன்னு அர்த்தம். 1963ல ஒரு கார் பாடி கம்பெனியில அந்தப் பேரைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, நான் என்ன அவ்வளவு முட்டாளான்னு அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் ஷிங்கோ பேரை மாத்தினார். 'போகா-யோகே', அதாவது தவறிப்போறதைத் தடுப்பது. இன்னிக்கு உலகம் முழுக்க எம்.பி.ஏ. வகுப்புல சொல்லித்தர்றது அந்த மாத்தின பேரைத்தான்.

என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் அந்தப் பேர் மாத்தத்துலதான் இருக்கு. மாட்ட முடியாதவனுக்குக் கை வராதுன்னு நினைக்கிறது பாகா. மாட்டுற வழியைச் சொல்லலையேன்னு நினைக்கிறது போகா. நம்ம துறையிலயும் இதேதான். ஒரு ஸ்கிரீன்ல பத்துப்பேர் ஒரே தப்பைச் செஞ்சா 'யூசர் எரர்'னு டிக்கெட்டை மூடுறோம் பாருங்க, அதுவும் அந்த ஒத்தை வரிக் கையேடும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க.

அதனால கிட் விக்கிறவங்ககிட்ட ஒரு விண்ணப்பம். கழட்டுறதுக்கு ஏழு படம் போட்டீங்க, சந்தோஷம். மாட்டுறதுக்கு மூணாவது போடுங்க. கூடவே டப்பாவுல ஒரு டம்மி பின் போடுங்க, ஒரு சின்ன கம்பித் துண்டுக்கு என்ன செலவாகிடப் போகுது. நம்ம மக்கள்கிட்டயும் ஒண்ணு: ஒரு தடவை எதையாவது வெற்றிகரமா மாட்டினா, எப்படி மாட்டினீங்கன்னு நாலு வரி எழுதி வைங்க. மிக்ஸி ஆனாலும் சரி, தையல் மெஷின் ஆனாலும் சரி. கழட்டினதைப் பத்தி எல்லாரும் எழுதுறாங்க. மாட்டினதைப் பத்தி எழுதத்தான் ஆளில்லை.

டிஸ்கி 1: பிரதிதானேன்னு தோள்ல மாட்டிட்டு பஸ்ல ஏறாதீங்க. இங்கிலாந்துல தக்க காரணம் இல்லாம போலித் துப்பாக்கியைப் பொது இடத்துல வச்சிருக்கிறதே குற்றம். அசலை உரிச்சு வச்ச மாதிரி இருக்கிறதைச் செய்யறது, விக்கிறது, இறக்குமதி பண்றதுக்கெல்லாம் 2006ல வந்த சட்டத்துல தடை இருக்கு, சினிமா, நாடகம் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. நிகழ்ச்சி நடக்கிற இடம் வரைக்கும் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்.

டிஸ்கி 2: பசைக் கட்சியினர் பின்னூட்டத்துல கும்மலாம். ஸ்பிரிங்கை எடுத்துட்டுத்தான் ஒட்டினேன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க, நிம்மதியாத் தூங்குவேன்.